பேய்களுக்குப் பொழுது எப்படிப் போகும்?

செத்துப்போன பிறகு பேய்கள் நாள் பூரா என்னதான் பண்ணும்? புளியமரத்துல எவ்வளவு நேரம்தான் தொங்கிக்கிட்டு இருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு விலாவாரியாக பதில் எழுதி வைத்தவர் நம்ம செயங்கொண்டார், கலிங்கத்துப்பரணியில். பள்ளிக்கூடத்தில் பரணி என்றால் போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது என்று ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. பாதிப் புத்தகத்துக்கு மேல் பேய்க்கதைதான் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பவே படித்திருப்பேன் :-)

முதலில் வரலாறு. முதலாம் குலோத்துங்கன் ஆண்டது 1070 முதல் 1120 வாக்கில் வரை. அப்பா வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியர், அம்மா சோழ இளவரசி. கலிங்க மன்னன் அனந்தவர்மன் இரண்டு முறை திறை கட்டவில்லை என்று காஞ்சியில் இருந்த ராஜாவிடம் புகார் வருகிறது. 1110 வாக்கில் கருணாகரத் தொண்டைமான் படையோடு கிளம்புகிறார். கலிங்கம் காலி. இதில் வேடிக்கை, அந்த அனந்தவர்ம சோடகங்கனின் அம்மாவும் சோழ இளவரசிதான். பேரிலேயே சோழன் இருக்கிறான் பாருங்கள். ஆக இது கிட்டத்தட்ட மாமன் மச்சான் சண்டை. (புரி ஜகந்நாதர் கோயிலைக் கட்ட ஆரம்பித்தது இதே ஆள்தான்.)

சரி, பேய்களுக்கு வருவோம். போருக்கு முன்னால் அதுங்களுக்கு ஒரே வேலைதான், பசியோடு காத்திருப்பது. எங்க ஃபீல்டில் பிராஜெக்ட் இல்லாதவனை பெஞ்சில் உட்கார வைப்பார்கள் இல்லையா, அதே கதை. காளி கோயிலைச் சுற்றி ஒட்டிய வயிறோடு உட்கார்ந்து, சாப்பாடு இல்லை என்று காளியிடம் முறையிடுவதுதான் அன்றாட அலுவல். நடுவில் இமயமலையிலிருந்து ஒரு கிழட்டுப் பேய் திரும்பி வருகிறது. காளியின் கோபத்துக்குப் பயந்து அங்கே ஓடிப்போய் மாயவித்தை கற்றுக்கொண்டு வந்த பேய். அது ஷோ காட்டுகிறது: பிணங்கள், ரத்த ஆறு, தலையில்லா முண்டங்கள். மற்ற பேய்கள் நிஜம் என்று நம்பி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறும் தரையை அள்ளித் தின்னப் பார்க்கின்றன. கடைசியில் தாங்கமுடியாமல் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகின்றன. சிரிப்புதான் வரும், ஆனால் பசியைப் பார்க்காத ஒருவர் இதை எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் கலிங்கத்திலிருந்து ஒரு பேய் ஓடிவந்து செய்தி சொல்கிறது. பெஞ்ச் முடிந்தது! களத்துக்குப் போய் யானைத் தந்தத்தில் பல் விளக்கி, விலா எலும்பில் நாக்கு வழித்து, எண்ணெய் போக மூளையைக் களியாகத் தலையில் தேய்த்துக் குளிக்கின்றன. யானையின் மதநீரால் தரை மெழுகி முத்துப்பொடியில் கோலம் வேறு. யானைத் தலை அடுப்பு, முரசு உரல், தந்தம் உலக்கை, கேடயம் முறம். பாட்டுப் பாடிக்கொண்டே குத்துகின்றன, பாட்டு எல்லாம் குலோத்துங்கன் புகழ். குத்துகிற அரிசி, கலிங்க வீரர்களின் பல்.

அடுத்து பந்தி. பார்ப்பனப் பேய் பிச்சை கேட்டு வருகிறது. உயிர்க்கொலை கூடாது என்கிற சமணப் பேய் ஒருவேளைதான் உண்ணும். அதற்குக் கூழில் மயிர் இல்லாமல் பார்த்து வடிகட்டி ஊற்றவேண்டும். முழுத் தோலைப் போர்த்திக்கொண்டு புத்தப் பேய். குருடு, செவிடு, ஊமை, எல்லாப் பேய்க்கும் தனித்தனி கவனிப்பு. சாப்பிட்டு முடித்ததும் குதிரைக் காது வெற்றிலை, கண்மணி சுண்ணாம்பு. நம்ம ஊர் கல்யாணப் பந்தியேதான்.

பந்தியில் உட்கார்ந்த அந்த மூன்று பேரையும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று பின்னால் புரட்டினேன். தோற்று ஓடுகிற கலிங்க வீரர்கள் உயிர் பிழைக்க வேஷம் போடுகிற இடம். ஒருவன் வில்லின் நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டு கங்கையில் குளிக்க வந்தவன் என்கிறான். இன்னொருவன் தலைமயிரைப் பிடுங்கிக்கொண்டு சமணன் என்கிறான். இன்னொருவனுக்கு ரத்தம் தோய்ந்த துணியே பௌத்தத் துறவியின் காவியாகிறது. அதே பார்ப்பான், அதே சமணன், அதே பௌத்தன்! உயிரோடிருப்பவன் ஒளிந்துகொள்ளத் தேவைப்பட்ட வேஷத்தைப் பேய் நிம்மதியாகப் போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. செயங்கொண்டார் வேண்டுமென்றே வைத்தாரா தெரியாது, நான் வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உறுத்தியது. களத்தில் செத்தவன் எவனும் இந்தக் கதையில் பேயாகிப் பந்திக்கு வருவதில்லை. வீரசொர்க்கம் போகிறான், இல்லையென்றால் பானைக்குள் போகிறான். சோறு தின்கிற பேய்கள் எல்லாம் ஏற்கனவே காளிகூட இருந்த கோஷ்டி. எட்டு நூற்றாண்டுக்கும் மேலாக இதை ரசித்துச் சிரிக்கிற நாமும் அடுப்புக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறோம்.

சமையலுக்கு முன்னால் காளி பேய்களுக்குக் களத்தைச் சுற்றிக் காட்டுவாள். அதில் ஒரு பெண் வருவாள். பிணங்களுக்கு நடுவில் புருஷனைத் தேடிக்கொண்டு, அங்கே நின்ற இடாகினிப் பேயிடமே, என் கணவன் கிடக்கிற இடம் எங்கே என்று கேட்பாள். பேய் என்ன பதில் சொன்னது என்று பாட்டில் இல்லை. அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்.