ஏரி வீடாகி, வீடு கடையான கதை

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் நாளிதழில் வந்த சிறு அறிவிப்பைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அவன் அம்மா இருக்கும் தெருவில் பக்கத்து மனையைக் குடியிருப்புப் பகுதியிலிருந்து வணிகப் பகுதியாக மாற்றக் கேட்டிருக்கிறார்களாம். "சார், ஆட்சேபம் எழுதலாமா? இல்லை, பேசாமல் நாங்களும் மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டான். வீடு தி.நகரில். வரலாறு சொல்லிக் கொடுத்தவனிடம் கேட்டால் வரலாற்றிலிருந்துதானே ஆரம்பிப்பேன்.

தி.நகர் இருக்கும் இடம் ஒரு ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டேங்க்' என்றார்கள். நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு', 'லேக் ஏரியா', மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று பெயர்கள் மட்டும் மிச்சம். லேக் வியூ ரோட்டில் நின்று ஏரியைத் தேடாத பிள்ளை உண்டா!

1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் நெரிசல் முற்றியிருந்தது. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1923 வாக்கில் ஏரியை வடித்து மனை போடும் வேலை தொடங்கியது. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர் பெயர் ஊருக்கு, முதலமைச்சர் பனகல் அரசர் பெயர் பூங்காவுக்கு. உஸ்மான், டாக்டர் நாயர், நடேசன் என்று தெருத் தெருவாக அந்தக் கட்சியின் உறுப்பினர் பட்டியலே இருக்கிறது. வகுப்பில் நீதிக்கட்சி பாடம் நடத்தும்போது புத்தகத்தை மூடிவிட்டு தி.நகர் வரைபடத்தை மாட்டுவேனே, நினைவிருக்கிறதா?

நடுவில் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகலமான சாலைகள், பெரிய மனைகளில் தோட்டத்தோடு தனித்தனி வீடுகள். இதுதான் திட்டம். கடையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பனகல் பூங்கா அருகே நல்லி பட்டுக்கடை 1928-லேயே வந்துவிட்டது. பாண்டி பஜாரும் பழையதுதான். குடியிருப்பவர்களுக்காகக் கடை இருந்த காலம் அது.

1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. புறநகர் வளர வளர, மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிறவர் கூட்டம் பெருகியது. ஸ்டேஷனையும் உஸ்மான் சாலையையும் இணைப்பது ரங்கநாதன் தெரு. வீடுகள் இருந்த ஒடுக்கமான தெரு. ரயிலிலிருந்து இறங்கியவர் எல்லாரும் அந்த வழியாகத்தான் நடக்க வேண்டும். வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முதலில் திண்ணை கடையாயிற்று, பிறகு கீழ்த்தளம், பிறகு வீட்டையே இடித்து மாடி மேல் மாடி.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தானே அமைப்புகள் இருந்தன என்று கேட்பீர்கள். இருந்தன. 1971-ல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், அதன் கீழ் எம்.எம்.டி.ஏ. (இன்றைய சி.எம்.டி.ஏ.), எழுபதுகளின் நடுவில் முதல் முழுமைத் திட்டம். எந்த இடம் குடியிருப்பு, எது வணிகம் என்று வண்ணம் தீட்டிய வரைபடமும், எத்தனை சதுர அடி கட்டலாம் என்ற கணக்கும் இருந்தன. அனுமதி வாங்கியது மூன்று மாடி, கட்டியது ஆறு மாடி என்பது ஊரறிந்த ரகசியம்.

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். திட்டத்தைத் திறந்த மனத்தோடு திருத்தியிருந்தால் குற்றமில்லை, ஊர் மாறத்தான் செய்யும். ஆனால் 1998-ல் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28-க்குள் கட்டியதற்குக் கட்டணம் செலுத்தினால் விதிமீறலை வரன்முறைப்படுத்தலாம். உச்ச நீதிமன்றம் 2000-ல், ஒரே ஒரு முறைக்கான ஏற்பாடு என்ற அளவில் இதை ஏற்றது. அதன் பிறகும் கெடு தேதியை மூன்று முறை தள்ளினார்கள். அந்த நீட்டிப்புகளை உயர் நீதிமன்றம் 2006-ல் ரத்து செய்தது. பின்னர் கட்டடங்களைக் காப்பாற்ற அவசரச் சட்டம், 2012-ல் 113-சி. வீட்டுப்பாடத்துக்கு வருஷா வருஷம் கெடு நீட்டித்தால் எந்தப் பையன் நேரத்துக்கு எழுதுவான்?

2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருக் கடை ஒன்றில் தீ, ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். 2011 அக்டோபர் கடைசியில் கடைகளுக்கு சீல் வைத்தார்கள். பொங்கல் நெருங்கும் வேளையில் உச்ச நீதிமன்ற உத்தரவோடு திறந்தன. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை பற்றி எரிந்து, கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. நான் யாரையும் பழித்துப் பேசும் தகுதி உள்ளவன் அல்ல. என் மகள் கல்யாணப் புடவை முழுக்க அந்தத் தெருக்களில் வாங்கியதுதான். வெளியேறும் வழி எங்கே என்று ஒரு கடையிலும் நான் பார்த்ததில்லை.

சரி, தம்பிக்கு என் பதில். அந்த அறிவிப்பு சடங்கு அல்ல. ஆட்சேபமும் விண்ணப்பமும் தொழில்நுட்பக் குழு முன் போகும். அதனால் கெடுவுக்குள் எழுது. 'எங்கள் நிம்மதி போகும்' என்று எழுதாதே. தெருவின் அகலத்தை டேப் வைத்து அளந்து எழுது. சாக்கடை எத்தனை முறை பொங்கியது, தீயணைப்பு வண்டி திரும்ப இடம் உண்டா, வண்டிகளை எங்கே நிறுத்துவார்கள் என்று எழுது. படங்களைச் சேர். நகல் எடுத்து, முத்திரை போட்டு வாங்கி வை.

நீங்களும் மாற்றிக்கொள்வதா என்ற கேள்வியை மட்டும் நான் தொடவில்லை. அது உன் அம்மாவின் வீடு. அவர்களிடம் இன்னும் கேட்கவில்லை என்றுதானே எழுதியிருந்தாய்? முதலில் போய்க் கேள்.