'எக்ஸீட்' என்ற வினையும் 'இறத்தல்' என்ற பழஞ்சொல்லும்

'எக்ஸீட்' என்பது ஓர் அளவைக் கடந்து செல்லுதலைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல். இலத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'கேதெரே' என்றால் செல்லுதல். இரண்டும் சேர்ந்த இவ்வினை பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது.

இதைத் தமிழாக்க ஒரு சொல் போதாது. நெய்வேலியில் ஆசிரியராக இருந்தபோது, உற்பத்தி இலக்கை 'எக்ஸீட்' செய்தது என்னும் ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொன்னேன். பலரும் 'உற்பத்தி இலக்கை மீறியது' என்று எழுதினார்கள். சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள் அவர்கள். இலக்கைத் தாண்டினால் அது நல்ல செய்தி என்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். ஆனாலும் அவர்கள் எழுதிய தமிழில் அது குற்றமாகிவிட்டது. 'மீறுதல்' என்பது விதி, ஆணை, வாக்குறுதி ஆகியவற்றோடு வரும் சொல். அதில் பழி ஒட்டியிருக்கிறது. இலக்கைத் 'தாண்டியது' அல்லது 'விஞ்சியது' என்பதே பொருத்தம்.

நெய்வேலி மண்ணுக்கு அடியிலேயே இன்னொரு எடுத்துக்காட்டு உண்டு. அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழ் ஆர்ட்டீசியன் நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. 1957இல் சுரங்கப் பணி தொடங்கி 1961இல் கரியை எட்டியவர்கள் சமாளிக்க வேண்டியிருந்த பெரிய சிக்கல் இதுதான். மேலுள்ள மண்ணை அகற்ற அகற்றப் பாரம் குறைகிறது. நீரின் அழுத்தம் அப்பாரத்தை விஞ்சினால் சுரங்கத் தரை பிளந்து வெள்ளம் புகும். அதனால்தான் இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். இங்கே 'மீறினால்' என்று எழுதினால், நீர் ஏதோ சட்டத்தை உடைத்தது போலாகிவிடும்!

அலுவலகத் தமிழில் இவ்வினைக்கு 'மிகு' நிலைத்துவிட்டது. 'ஐந்து ஆண்டுகளுக்கு மிகாமல்' என்ற தொடரைப் படிவங்களில் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் 'எக்ஸீட்' என்பதற்கு மிக நெருங்கிய பழந்தமிழ் வினை 'இறத்தல்'. இன்று அது சாவை மட்டுமே குறிக்கிறது. முன்பு அதன் பொருள் கடத்தல், வரம்பு தாண்டுதல். மரத்தின் நுனிக்கொம்பில் ஏறியவர் அதற்கும் மேலே ஏற முயன்றால் உயிர் போய்விடும் என்கிறது 476ஆம் குறள். அங்கே வரும் 'இறந்து' என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் 'கடந்து' என்றே உரை எழுதுகிறார். மாணவர்கள் அதைச் 'செத்து' என்று கொண்டு குழம்புவதை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். 531ஆம் குறளில் 'இறந்த' என்பது வெகுளிக்கு அடைமொழி. அளவு கடந்த சினம் என்பது பொருள். 'இறப்ப' என்றால் மிகவும். நாம் ஆறாம் வகுப்பிலேயே படிக்கும் 'இறந்த காலம்' செத்த காலம் அன்று, கடந்த காலம்.

கடத்தல் எப்படிச் சாவாயிற்று? இவ்வுலகைக் கடந்தார் என்று மங்கலமாகச் சொல்லப்போய், அந்தப் பொருளே சொல்லை முழுதும் பிடித்துக்கொண்டது எனலாம். 'காலமானார்' என்பதும் இப்படிப்பட்ட வழக்குத்தான். வியப்பு என்னவென்றால், இலத்தீனிலும் இதுவே நடந்தது. 'எக்ஸீட்' பிறந்த அதே 'கேதெரே' வேரிலிருந்து, 'விலகிச் செல்லுதல்' என்ற பொருளில் வந்ததே, மறைவைக் குறிக்கும் 'டிசீஸ்' என்ற ஆங்கிலச் சொல். நோயைக் குறிக்கும் 'டிசீஸ்' வேறு. ஒலி நெருக்கத்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். ஆங்கிலத்தில் கடத்தலுக்கும் சாவுக்கும் இரண்டு சொற்கள் பிரிந்து நின்றன. தமிழில் சொல் ஒன்றே. பழைய பொருள் இலக்கணத்திலும் பழைய நூல்களிலும் மட்டும் தங்கிவிட்டது.