பலகையைத் தூக்கிக் காட்டு: கணக்கு வகுப்பில் விடை கேட்ட வரலாறு

கணக்கு வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வியையும் அதற்குரிய மூன்று அல்லது நான்கு தேர்வு விடைகளையும் முன்வைக்க, மாணவர் அனைவரும் ஒரே நேரத்தில் தத்தம் விடையைப் பொத்தானாலோ கைப்பேசியாலோ அட்டையாலோ தெரிவிக்க, எந்த விடையை எத்தனை பேர் தேர்ந்தனர் என்பது உடனே திரையில் பட்டை வரைபடமாக விரியும் ஏற்பாடு இன்று வகுப்பறை வாக்கெடுப்பு என்று வழங்கப்படுகிறது. பெயர் சற்றே தவறானது. தேர்தலில் பெரும்பான்மை எதைச் சொல்கிறதோ அதுவே முடிவு. கணக்கிலோ, நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் ஒரு தவறான விடையைத் தேர்ந்தாலும் சரியான விடை இம்மியும் நகர்வதில்லை. ஆகவே இங்கே எண்ணப்படுவது மாணவரின் விருப்பம் அன்று, அவர்களுடைய புரிதல் எந்தப் படியில் வழுக்குகிறது என்பதே.

இந்த வழக்கத்தின் வரலாற்றை உடும்பஞ்சோலையிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தேனி மாவட்டத்தோடு எல்லையைப் பகிர்ந்துகொண்டு, போடிமெட்டு, கம்பம்மெட்டு ஆகிய மலைவழிகளால் சமவெளியோடு பிணைந்து கிடக்கும் இந்த ஏலக்காய் நிலம், 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகளைப் போலவே கேரளத்தில் நின்றது. 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் உருவானபோது அதன் வட்டங்களுள் ஒன்றானது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் கேரள அரசின் பாடத்திட்டத்தைத் தமிழ்வழியில் படிக்கும் வாய்ப்பு இம்மாவட்டத்தின் எல்லைப் பகுதிகளில் இருந்துவருகிறது. சமவெளித் தமிழகத்தின் திண்ணைப் பள்ளிக் கணக்கு மரபும், கேரளப் பொதுக்கல்வியின் கணினி முயற்சிகளும் ஒரே வகுப்பறைக்குள் சந்திக்கக்கூடிய இடங்கள் அதிகமில்லை. அவற்றுள் இது ஒன்று.

திண்ணைப் பள்ளி என்பது ஊரார் ஆதரவில் ஒரே ஆசிரியர், பெரும்பாலும் ஒரு வீட்டின் திண்ணையில், பல வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து நடத்திய பள்ளி. அங்கே கணக்கின் அடிப்படை நூல் எண்சுவடி; முழு எண்களின் வாய்பாட்டோடு நின்றுவிடாமல், பின்னங்களின் பெருக்கல் வாய்பாடுகளையும் உள்ளடக்கிய அந்தச் சுவடியைப் பிள்ளைகள் மனத்தில் ஏற்றிக்கொண்டனர். கால், அரைக்கால், பதினாறில் ஒரு பங்கான மாகாணி, இருபதில் ஒரு பங்கான மா, எண்பதில் ஒரு பங்கான காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி என இறங்கிச் செல்லும் அந்தப் பின்ன வரிசை நில அளவையிலும் நெல் அளவையிலும் அன்றாடம் புழங்கியது. மணலில் விரலால் எழுதத் தொடங்கி ஓலைக்கு முன்னேறிய பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆசிரியருக்குத் துணையாக இருந்த மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை ஓரடி சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் அதைத் தொடர்ந்து சொல்லும் முறையால் வாய்பாடு நெஞ்சில் பதிந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள் என்ற அளவில் இது இன்றைய வாக்கெடுப்பின் மூதாதை போலத் தோன்றலாம். ஆனால் அந்த ஒப்புமை பாதி வழிக்கு மேல் வராது. கூட்டுக்குரல் வலுவான மாணவனைத் தாங்கிப் பிடிக்கிறது, தடுமாறும் மாணவனையோ மறைத்துவிடுகிறது. உதடு அசைத்துக்கொண்டு நின்றால் போதும், ஏழு அரைக்கால் எவ்வளவு என்று தெரியாத பிள்ளையும் தெரிந்தவனாகவே வீடு திரும்பலாம். இந்தக் குறையை ஆசிரியர்கள் அறியாமல் இல்லை. கூட்டாகச் சொல்லவைத்ததோடு தனித்தனியாக ஒப்பிக்கவைத்ததும், மனக்கணக்குக் கொடுத்து ஒவ்வொருவரிடமும் விடை வாங்கியதும் அதனால்தான். தனியாக விடை சொல்லும்போது தவறு எல்லோர் காதிலும் விழுந்தது. பிரம்பும் பக்கத்திலேயே இருந்தது. ஒவ்வொருவரையும் அறிந்துகொள்ளவும் வேண்டும், அதற்காக யாரையும் அவையில் நாணவைக்கவும் கூடாது என்ற இரட்டைத் தேவையே இந்த வரலாறு முழுவதும் ஓடும் சிக்கல்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிவைத்த பள்ளிக் கணக்கெடுப்புக்குப் பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பல் 1823இல் அனுப்பிய அறிக்கை இந்த வகையில் அரிய சான்று. காலையில் பள்ளிக்கு முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் மரியாதைக்கு அடையாளமாகச் சரசுவதியின் பெயர் எழுதப்பட்டது. இரண்டாவதாக வந்தவனுக்குப் புகழுமில்லை இகழுமில்லை என்பதைக் காட்ட ஒரு சுழியம். மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருபவர்க்கு ஒவ்வொன்று கூட. பெல்லாரி தமிழ்நிலம் அன்று எனினும், இதையொத்த வழக்கம் தமிழ்ப் பள்ளிகளிலும் இருந்ததைப் பிற்காலக் குறிப்புகள் காட்டுகின்றன. பிள்ளையின் கையே அன்றைய முடிவைக் காட்டும் பலகையாகவும் வலிக்கும் பலகையாகவும் இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். 1826இல் மன்றோ தொகுத்தளித்த கணக்கின்படி மாகாணத்தில் இத்தகைய பள்ளிகள் 12,498; படித்தவர் 1,88,650 பேர்.

தம் 1823ஆம் ஆண்டு அறிக்கையில் கேம்பல் இன்னொன்றையும் சொல்கிறார்: மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் உள்ளூர் முறை சிறப்பானது, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்கிறார். அவர் சுட்டுவது ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியாரின் முயற்சியை. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் கவனித்துவந்த பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று உலகமெங்கும் பெயர் பரவியது; சட்டாம்பிள்ளைக்கு அதில் பங்குரிமை கிடைக்கவில்லை.

பெல்லின் போட்டியாளரான ஜோசப் லங்காஸ்டர் இதே வகை முறையை லண்டனில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அமர்ந்த கூடங்களில் நடத்தியபோது, தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு மணலும், மற்றவர்க்குக் கற்பலகையும் பயன்பட்டன. அங்கே ராணுவ ஒழுங்கில் வழங்கப்பட்ட கட்டளைகளுள் ஒன்று 'பலகையைக் காட்டு' என்பது. கட்டளை பிறந்ததும் வரிசை முழுவதும் ஒரே நொடியில் பலகையை உயர்த்த, மேற்பார்வை மாணவன் ஒரு பார்வையில் யாருடையது சரி, யாருடையது தவறு என்று அறிந்துகொள்வான். இன்றைய வாக்கெடுப்புக் கருவியின் உண்மையான மூதாதையைத் தேடினால், கூட்டுக்குரலைவிட இந்த உயர்த்திய பலகையே அதற்கு நெருக்கமானது. பிற்காலத்தில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடக்கப் பள்ளிகள் பெருகியபோது சிலேட்டும் பல்பமும் ஒவ்வொரு பிள்ளையின் பைக்குள்ளும் இடம்பெற்றன. கணக்கைப் போட்டுமுடித்துச் சிலேட்டைக் கவிழ்த்து வைப்பதும், சொன்னவுடன் தூக்கிக் காட்டுவதும் பல தலைமுறைகளின் பொது நினைவு. கவிழ்த்து வைப்பது பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுதாமல் இருப்பதற்காக. அந்தச் சிறு செயலுக்குள் கருவியின் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

விடையை உரியவருக்கு மட்டும் தெரிவித்து மற்றவரிடமிருந்து மறைக்கும் உத்தி தமிழ் நிலத்தில் பள்ளிக்கு வெளியேயும் இருந்தது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் கைகோத்து, விரல்களைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தில், சுற்றி நிற்பவர் எத்தனை பேராயினும் எண் இருவருக்கு மட்டுமே தெரியும். உடும்பஞ்சோலை வட்டத்தின் புற்றடியிலும் மலையடிவாரத்துப் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் நடக்கும் ஏலக்காய் மின்னணு ஏலத்தில் வணிகர்கள் வரிசையாக அமர்ந்து பொத்தானை அழுத்தி விலை கேட்கும் காட்சி, துண்டுக்கடி விரலின் நவீன உறவு என்றே சொல்லத்தகும்.

கணக்கு வகுப்புக்கு எந்திரம் வந்த கதை இருபதாம் நூற்றாண்டுக்குரியது. 1920களில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிட்னி பிரெஸ்ஸி என்ற உளவியலாளர், சரியான விசையை அழுத்தினால் மட்டுமே அடுத்த கேள்விக்கு நகரும் பெட்டியொன்றைச் செய்தார். 1953இல் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் தம் மகளின் நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்க்கச் சென்று, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் கட்டாயமாக நடத்தப்படுவதையும், தம் விடை சரியா தவறா என்று பிள்ளைகளுக்கு உடனுக்குடன் தெரியாமல் இருப்பதையும் கண்டு, கற்பிக்கும் எந்திரம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். இவ்விருவரின் எந்திரமும் பிள்ளையைத் தனியே அமரவைத்தது. வகுப்பு முழுவதும் என்ன நினைக்கிறது என்பதை ஆசிரியருக்குக் காட்டவில்லை. அந்தத் திருப்பம் ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991இல் தொடங்கிய 'சக மாணவர் பயிற்றல்' முறையால் பரவலாயிற்று: முதலில் ஒவ்வொருவரும் தனியே விடையைத் தேர்வார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதிடுவார்கள், அதன்பின் மீண்டும் தேர்வார்கள். கையடக்கமான விடையளிப்பான், அதாவது கிளிக்கர் என்னும் சிறு பொத்தான் கருவி, இந்த முறையோடு சேர்ந்தே புகழ்பெற்றது. கார்னெல் பல்கலைக்கழகக் கணிதத் துறையினர் நுண்கணித வகுப்புகளில் இதைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஆழமான கேள்வியும் மாணவர்களுக்கிடையே உரையாடலும் சேர்ந்த வகுப்புகளே பயன்பெற்றன, வெறுமனே பொத்தானை அழுத்தவைத்தது போதவில்லை என்ற பொருளில் அமைந்தது. கருவி விற்பவர்கள் இந்த இரண்டாம் பகுதியை அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை.

கேரளத்தில் பள்ளிக்கணினிக் கல்வி 2001ஐ ஒட்டி ஐ.டி.அட் ஸ்கூல் என்ற திட்டமாகத் தொடங்கி, 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018இல் எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்கென 45,000 வகுப்பறைகளில் மடிக்கணினியும் படவீழ்த்தியும் அமைக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கட்டற்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட இந்த ஏற்பாட்டில், வடிவியலை அசைத்துக் காட்டும் ஜியோஜீப்ரா கணக்கு ஆசிரியர்களின் கைக்கருவியாயிற்று. ஆனால் படவீழ்த்தி பெரும்பாலும் ஒருவழிப் பாதை. ஆசிரியரிடமிருந்து மாணவருக்குச் செல்லும், திரும்பி வராது. 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஃபர்ஸ்ட் பெல்' பாடங்கள் இதன் உச்சம். தமிழ்வழி மாணவருக்கும் அத்திட்டத்தில் பாடங்கள் தயாரிக்கப்பட்டன; கொரோனா முடக்கத்தில் அது பெரும் தொண்டுதான். எனினும் பின்னங்களைப் பற்றிய பாடத்தைத் திரையில் பார்த்த பிள்ளை எந்த இடத்தில் தலையாட்டியது, எந்த இடத்தில் விழித்தது என்பது பாடம் நடத்தியவருக்குத் தெரிய வழியில்லை. கூட்டுக்குரலில் உதடசைத்த பிள்ளையின் சிக்கல் இருநூறு ஆண்டுகள் கழித்து வேறு உருவில் திரும்பியிருந்தது.

இதற்கு விடையாக வந்த எளிய கருவிகள் இரு வகை. நார்வேயில் பிறந்து 2013இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த கஹூட் போன்றவற்றில் ஒவ்வொரு மாணவரிடமும் கைப்பேசியோ கணினியோ இருக்கவேண்டும், இணைப்பும் வேண்டும். மேகம் இறங்கினால் அலைவரிசை தளரும் மலைப்பகுதிக்கும், காலையில் தோட்டத்துக்குப் போகும் தாயின் கையில் வீட்டின் ஒரே கைப்பேசி இருக்கும் குடும்பத்துக்கும் இது பொருந்துவது கடினம். மற்றொரு வகை, பிளிக்கர்ஸ் போன்ற அட்டை முறை. சதுரப் புள்ளிக்கோலம் அச்சிட்ட தாள் அட்டையை, எந்த விளிம்பு மேலே வருமாறு பிடிக்கிறார்கள் என்பதைக் கொண்டு அ, ஆ, இ, ஈ என்ற நான்கு விடைகளுள் ஒன்றை மாணவர் சுட்ட, ஆசிரியரின் ஒரே கைப்பேசி கேமரா வகுப்பு முழுவதையும் வருடிப் படித்துவிடும். ஒவ்வொரு அட்டையின் கோலமும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளைக்கு அடுத்தவர் விடை எளிதில் தெரியாது. லங்காஸ்டரின் கூடத்தில் தூக்கப்பட்ட பலகை, கவிழ்த்து வைத்த சிலேட்டின் மறைவையும் பெற்றுக்கொண்டு மீண்டும் மேலெழுந்தது போன்றது இது.

கருவி எளிதாகிவிட்டபின் மீந்திருக்கும் கடினம் கேள்வியைச் செய்வதில் இருக்கிறது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் கிடைப்பது மனப்பாடத்தின் கணக்கு மட்டுமே. ஒவ்வொரு தவறான தேர்வு விடையும் ஒரு குறிப்பிட்ட தப்பெண்ணத்தின் வாசலாக அமையும்போதுதான் பட்டை வரைபடம் பேசும். எண்சுவடி மரபிலிருந்து, அரைக்கால் பெரிதா மாகாணி பெரிதா என்று கேட்டால், எட்டைவிடப் பதினாறு பெரிது என்று எண்ணும் பிள்ளைகள் ஒரே பட்டையில் திரண்டு நிற்பார்கள். மலையின் சொந்தச் சரக்கிலிருந்தும் எடுக்கலாம். ஏலக்காய் விலை ஏற்ற இறக்கம் உடும்பஞ்சோலையில் ஒவ்வொரு வீட்டின் பேச்சு என்பதால், கிலோ 5,000 ரூபாய்க்கு விற்ற காய் ஒரு வாரம் 20 விழுக்காடு இறங்கி, மறுவாரம் 20 விழுக்காடு ஏறினால் விலை பழையபடி இருக்குமா, கூடுமா, குறையுமா என்ற கேள்விக்கு 'பழையபடி' என்ற பட்டையே பெரும்பாலும் உயரும். அப்போது ஆசிரியர் விடையைச் சொல்லிவிடாமல், வேறு விடை தேர்ந்த பக்கத்துப் பிள்ளையோடு பேசச் சொன்னால், யாரோ ஒருவர் 5,000 நான்காயிரமாகிறது, அந்த நான்காயிரத்தில்தானே இருபது விழுக்காடு, எண்ணூறுதானே கூடும் என்று விரலை மடக்கத் தொடங்குவார். அட்டைகளை இரண்டாம் முறை தூக்கச் சொல்ல வேண்டிய நேரம் அது.