வயலினுக்கு வைத்த பெயர்

2011 ஜூன் 20 அன்று ஒரு வயலின் ஏலத்துக்கு வந்தது. இத்தாலியின் கிரமோனா நகரத்தில் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1721-இல் செய்த வயலின் அது. டாரிசியோ என்ற ஏல நிறுவனம் இணையவழியில் நடத்திய அந்த விற்பனையில் 98 லட்சம் பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு கோடியே 59 லட்சம் டாலருக்கு அது கைமாறியது. அதுவரை ஏலத்தில் எந்த வயலினுக்கும் கிடைத்திராத விலை. முந்தைய ஆண்டில் விற்ற இன்னொரு ஸ்ட்ராடிவாரி வயலின் 36 லட்சம் டாலர் பெற்றதே பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. இது அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

விற்றவர்கள் ஜப்பானின் நிப்பான் இசை அறக்கட்டளையினர். அவ்வாண்டு மார்ச் 11-இல் வடகிழக்கு ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் தப்பியவர்களின் நிவாரணத்துக்கு முழுத் தொகையும் போயிற்று. வாங்கியவர் பெயர் வெளிவரவில்லை. வயலினின் பெயர் மட்டும் உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்தது: ‘லேடி பிளண்ட்’.

இத்தனை விலை போன பொருளுக்கு ஒரு பெண்ணின் பெயர் இருப்பது முதலில் படிக்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. யார் அந்தப் பெண் என்று தேடிப் போனால், அந்தப் பெயரிலேயே ஒரு கதை மறைந்திருப்பது தெரிகிறது.

அவர் பெயர் ஆன். பிறந்தது 1837-இல். தாய் அடா லவ்லேஸ், கணினி வரலாற்றின் முதல் பக்கத்தில் நாம் சந்திக்கும் அதே அடா. தாயின் தந்தை கவிஞர் பைரன். அடாவைக் கவிதையின் பக்கம் போகவிடாமல் கணிதம் படிக்கவைத்தவர் அடாவின் தாய் லேடி பைரன். அந்த அடா, 1843-இல் சார்ல்ஸ் பாபேஜின் பகுப்பாய்வு எந்திரத்தைப் பற்றி எழுதிய குறிப்புகளில், சுரங்களுக்கு இடையிலான உறவுகளைச் சரியாக வகுத்துக் கொடுத்தால் அந்த எந்திரம் ஒருநாள் இசையும் அமைக்கக்கூடும் என்று ஊகித்தார். அவர் 36 வயதில் இறந்தபோது மகள் ஆனுக்கு 15 வயது.

ஆன் ஓவியம் கற்றார். ஜான் ரஸ்கின் அவருக்குப் பாடம் சொல்லியிருக்கிறார். வயலின் கற்றார், ஆசிரியர் லியோபோல்ட் யான்ஸா. 1860-களின் நடுவில், பாரிசின் புகழ்பெற்ற வயலின் செய்யும் கைவினைஞரும் வணிகருமான ழான்-பாப்டிஸ்ட் வியோம் கைவழியாக வந்த 1721-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி அவருடையதாயிற்று. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அதை அவர் வைத்திருந்தார்.

அப்போது அவர் ‘பிளண்ட்’ அல்ல. வில்ஃப்ரிட் ஸ்காவன் பிளண்ட் என்ற கவிஞரை அவர் மணந்தது 1869-இல். அதாவது, திருமணத்துக்கு முன்பே தனக்கென்று அவர் அடைந்த பொருளுக்கு, பின்னால் வந்த கணவரின் குடும்பப் பெயரே நிலைத்தது. ஆங்கிலேயப் பட்டங்களின் இலக்கணப்படி பார்த்தாலும் அது பிழை. ‘லேடி’ என்ற பட்டம் அவருக்குக் கணவரால் வந்ததல்ல; கணவருக்கு ‘சர்’ பட்டமே கிடையாது. ஒரு பிரபுவின் மகளாகப் பிறந்ததால் வந்த பட்டம் அது. ஆகவே அவர் ‘லேடி ஆன் பிளண்ட்’. அதில் அவருக்கே உரிய ஒரே சொல் ‘ஆன்’. வயலினின் பெயரில் விடுபட்டதும் அந்த ஒரு சொல்தான்.

கல்யாணப் பத்திரிகையிலும் வீட்டு வாசல் பலகையிலும் ‘திருமதி இன்னார்’ என்று எழுதப்பட்டுத் தன் பெயரைத் தொலைத்த பெண்களை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

ஆன் சாதாரணப் பெண்ணாக வாழவில்லை. அரபு கற்றார். கணவருடன் யூப்ரடீஸ் நதிக்கரை பெதுயின்களிடையிலும், பின்பு நடு அரேபியாவின் நெஜ்து வரையிலும் பயணம் செய்தார். அந்தப் பயணங்களைப் பற்றிய இரண்டு நூல்கள் 1879-இலும் 1881-இலும் வெளிவந்தன. எழுதியவர் ஆன், ‘பதிப்பித்தவர்’ என்று உள்ளே நின்றவர் கணவர். அவர்கள் 1878-இல் தொடங்கிய கிராபெட் குதிரைப் பண்ணை இன்றைய உலகின் அரபுக் குதிரை வம்சங்களுக்கு ஒரு மூலம். அதற்கு வேண்டிய செல்வத்தில் பெரும்பங்கு ஆனின் பரம்பரைச் சொத்து. வில்ஃப்ரிட் பிளண்ட் எகிப்தின் விடுதலைக்காகவும் இந்தியர்களின் உரிமைக்காகவும் ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுதியவர். ஆனால் வீட்டுக்குள் அவருடைய காதலிகளின் வரிசை நீண்டது. 1906-இல் ஆன் பிரிந்து சென்றார். 1917 டிசம்பரில் கெய்ரோவில் இறந்தார். குதிரைகளில் தன் பங்கைப் பேத்திகளுக்கு எழுதிவைத்திருந்தார். கணவர் அதை ஏற்கவில்லை. வழக்கு பேத்திகள் பக்கம் தீர்ந்தது 1920-இல். வயலின் அதற்கு வெகு முன்பே லண்டனின் ஹில் நிறுவனத்தார் வழியாகக் கைமாறிச் சேகரிப்பாளர்களிடம் போய்விட்டது.

இனி, அந்த வயலின் ஏன் இத்தனை விலை போயிற்று என்ற கேள்விக்கு வருவோம். ஸ்ட்ராடிவாரி செய்தவற்றில் 600-க்கும் மேற்பட்ட கருவிகள் இன்றும் இருக்கின்றன. பெரும்பாலானவை தலைமுறை தலைமுறையாக மேடைகளில் வாசிக்கப்பட்டவை. வாசிப்பவரின் வியர்வையும் மூச்சும் தோளின் உராய்வும் மேல்பூச்சைக் கரைக்கும். கழுத்தும் தோளும் படும் இடங்களில் மரம் வெளுக்கும். பிளவுகள் விழும், ஒட்டுவார்கள், மறுபடி பூசுவார்கள். ‘லேடி பிளண்ட்’ அப்படியில்லை. அதன் மேல்பூச்சு பெருமளவு அப்படியே இருக்கிறது. உளி போன தடம்கூடத் தெரிகிறது. பட்டறையைவிட்டு அன்று வெளியே வந்த நிலைக்கு மிக அருகில் இருக்கும் மிகச் சில ஸ்ட்ராடிவாரிகளில் ஒன்று என்று வல்லுநர்கள் சொல்வது இதனால்தான். காரணம் எளிது. அது அதிகம் வாசிக்கப்படவில்லை. 1971-இல் சாதபி நிறுவனம் அதை ஏலம் விட்டபோது யெஹூதி மெனுஹின் சிறிது வாசித்துக் காட்டினார். அது 84,000 பவுண்டுக்குப் போயிற்று. அதன் பிறகும் அது பெட்டிக்குள்தான் வாழ்ந்தது.

வாசிக்கப்படாததற்குச் சேகரிப்பாளர்களின் கவனம் ஒரு காரணம். ஆனால் தொடக்கத்தில், அதன் முதல் புகழ்பெற்ற உரிமையாளர் ஏன் அதை மேடைக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்கவேண்டும். ஆன் பிரபு குலத்துப் பெண். பணத்துக்காக மேடையேறுவது அந்தக் குலத்தில் ஆணுக்கே இழுக்கு, பெண்ணுக்குக் கேட்கவே வேண்டாம். அதற்கும் மேலே, இங்கிலாந்தில் அன்று வயலினே பெண்ணுக்கு ஆகாத கருவி. பியானோ ஆகும், யாழ் போன்ற ஹார்ப் ஆகும், கிதார் ஆகும். உட்கார்ந்தபடி, முகம் கோணாமல், அழகு குலையாமல் வாசிக்கலாம். வயலின் என்றால் தாடையை அழுத்தவேண்டும், தலையைச் சாய்க்கவேண்டும், கையை வீசி வில்லை இழுக்கவேண்டும். பெண்ணுடல் அப்படி அசைவதைப் பார்க்கச் சகிக்காது என்றார்கள். இன்னொரு சங்கடமும் இருந்தது. வயலினையே அவர்கள் பெண்ணாக வருணித்தார்கள்: இடுப்பு, கழுத்து, குரல். பெண்ணை ஆண் கையாளலாம், பெண்ணே கையாண்டால்? லண்டன் ராயல் இசைப் பயிலகம் வயலின் படிக்க ஒரு மாணவியைச் சேர்த்துக்கொண்டது 1872-இல்தான். ஆனிடம் ஸ்ட்ராடிவாரி வந்து சில ஆண்டுகள் கழிந்த பிறகு.

அந்தக் கதவைத் திறந்ததில் பெரும்பங்கு வில்மா நெருடாவுக்கு உண்டு. 1838-இல், இன்றைய செக் நாட்டின் புர்னோவில் பிறந்தவர். ஆனைவிடச் சற்றே இளையவர். குழந்தையாக இருக்கும்போது வயலினைக் கற்றுக்கொடுத்தது அவருடைய அண்ணனுக்கு. அதைத் திருட்டுத்தனமாக எடுத்து வாசித்துப் பிடிபட்ட பிறகுதான் அப்பா அவருக்கும் சொல்லிக்கொடுத்தார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பிறகு வியன்னாவில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் யார் தெரியுமா? அதே லியோபோல்ட் யான்ஸா. ஹங்கேரிய அகதிகளுக்காக லண்டனில் நடந்த கச்சேரியில் வாசித்ததற்காக 1849-இல் வியன்னா அரசவைப் பதவியை இழந்து, லண்டனிலேயே தங்கி ஆனுக்குப் பாடம் சொன்னவர். ஒரே ஆசிரியரின் இரண்டு மாணவிகள். ஒருத்தி பிழைப்புக்காக ஏழு வயதிலிருந்து ஊர் ஊராக வாசித்தவர். இன்னொருத்தி பிழைக்கவேண்டிய தேவையே இல்லாததால் வீட்டுக்குள் வாசித்தவர்.

நெருடா 1869-இல் லண்டனில் வாசித்த பிறகு, பெண்ணுக்கு வயலின் ஆகாது என்ற பேச்சு எடுபடவில்லை. 1876-இல் எடின்பரோ கோமகனும் டட்லி, ஹார்ட்விக் பிரபுக்களும் சேர்ந்து 1709-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி ஒன்றை அவருக்குப் பரிசளித்தார்கள். ஹைன்ரிஹ் வில்ஹெல்ம் எர்ன்ஸ்ட் என்ற மேதை வாசித்த கருவி அது. ஆகவே அது ‘எர்ன்ஸ்ட்’ என்றே அறியப்பட்டது. நெருடாவின் பெயரோ, முதல் கணவரால் ‘நார்மன்-நெருடா’ ஆகி, இரண்டாம் கணவர் சார்ல்ஸ் ஹாலேயால் ‘லேடி ஹாலே’ ஆயிற்று. கருவிக்கு ஒரே பெயர், வாசித்தவளுக்கு மூன்று.

2010-இல் 36 லட்சம் டாலர் பெற்ற அந்த இன்னொரு வயலினின் பெயரையும் இங்கே சொல்லிவிடலாம்: ‘மொலித்தோர்’. மொலித்தோர் என்பவர் நெப்போலியன் படையின் தளபதி. அவருக்கு முன்பு, 1804 வரை, அது ஜூலியட் ரேகாமியே என்ற பாரிஸ் பெண்மணியிடம் இருந்ததாகக் கருவியின் வரலாறு சொல்கிறது. பெயர் தளபதிக்குப் போயிற்று. அதை ஏலத்தில் வாங்கியவர் ஆன் அகிகோ மேயர்ஸ், மேடையில் வாசிக்கும் பெண் கலைஞர். இரு நூற்றாண்டு கழித்து ஒரு பெண் தன் பெயரில் அதை வாங்கியதை நான் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெண்ணிடமிருந்து பெண்ணுக்கு ஒரு கருவி போன கதையும் உண்டு. அமெரிக்காவின் மாட் பவல், 1867-இல் பிறந்தவர். மகளை ஐரோப்பாவில் படிக்கவைக்க அவருடைய குடும்பம் சொந்த வீட்டையே விற்றது. சைக்கோவ்ஸ்கி, துவோர்ஷாக், சிபேலியஸ் ஆகியோரின் வயலின் கான்செர்ட்டோக்களை அமெரிக்க மேடைகளில் முன்னோடியாக வாசித்தவர். 1920 ஜனவரியில் கச்சேரிப் பயணத்தின் நடுவிலேயே இறந்தார். அவருடைய குவாதாக்னினி வயலின் அடுத்த பெரும் பெண் வயலின் கலைஞருக்குச் சேரவேண்டும் என்பது விருப்பம். 1921-இல் நியூயார்க் மேடையில் தோன்றிய, பதினேழு வயதே ஆன வியன்னாப் பெண் எரிகா மொரினியிடம் அது வந்து சேர்ந்தது. சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் உலகத்தில், ரத்த உறவே இல்லாத ஒருத்திக்கு, ‘நீ எனக்குப் பின் வருபவள்’ என்று சொல்லி ஒருத்தி விட்டுச்சென்ற சீர் அது.

மொரினிக்கு இன்னொரு வயலினும் கிடைத்தது. 1727-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி. 1924-இல் பாரிசில் அவருடைய தந்தை அதை 10,000 டாலருக்கு வாங்கினார். அதற்கும் முந்தைய உரிமையாளர் ஒருவரின் பெயர்: ‘டேவிடாஃப்’. யூதரான மொரினி, நாஜிகளின் காலத்தில் அமெரிக்காவில் குடியேறினார். 1976-இல் மேடையைவிட்டு விலகும்வரை அந்த வயலினே அவருடைய குரல். ‘பெண் வயலின் கலைஞர்களில் சிறந்தவர்’ என்று விமர்சகர்கள் புகழும்போதெல்லாம் எரிச்சல்பட்டவர். வயலின் கலைஞர் என்று சொன்னால் போதாதா என்பது அவர் கட்சி. கருவியை விற்று அந்தப் பணத்தை அறப்பணிகளுக்குத் தரவேண்டும் என்பது அவருடைய கடைசி ஏற்பாடு.

1995 அக்டோபரில், 91 வயதில் அவர் மருத்துவமனையில் படுத்திருக்கையில், நியூயார்க்கில் அவருடைய வீட்டிலிருந்து அந்த வயலின் திருடுபோயிற்று. கூடவே ஓவியங்களும், கடிதங்களும், விரல் வைப்புகளை அவர் கைப்பட எழுதிவைத்திருந்த இசைத்தாள்களும் போயின. நண்பர்கள் அவரிடம் சொல்லவில்லை. சில வாரங்களுக்குள் அவர் இறந்தார். வயலினின் மதிப்பு 30 லட்சம் டாலருக்கும் மேல் என்று செய்தித்தாள்கள் எழுதின. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வெளியிட்ட முதல் பத்துக் கலைப்பொருள் திருட்டுகளின் பட்டியலில் அது இடம்பெற்றது. இன்னும் மீட்கப்படவில்லை.

நான் அந்தச் செய்தியில் நின்றுபோவது இசைத்தாள்களில்தான். வயலினுக்குப் படம் இருக்கிறது, அளவு இருக்கிறது, என்றாவது எங்காவது தலைகாட்டினால் அடையாளம் சொல்ல ஆள் இருக்கிறார்கள். எழுபது ஆண்டு வாசித்த ஒருத்தி எந்தச் சுரத்தில் எந்த விரலை வைத்தாள், ஏன் அங்கே மாற்றினாள் என்று பென்சிலால் எழுதிய தாளுக்கு விலையும் இல்லை, பட்டியலும் இல்லை. வயலினை எடுத்துப்போன கை அதைக் குப்பையில் போட்டிருக்கலாம். அந்த வயலினைக்கொண்டு அவர் செய்தது என்ன என்பதற்கான சாட்சி அதுதான்.

பாதுகாப்பது என்றால் வாசிக்காமல் வைப்பது என்று மட்டும் ஆகிவிட்டால், வாசித்தவர்கள் கருவியைக் கெடுத்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் 1716-ஆம் ஆண்டு ‘மெசையா’ ஸ்ட்ராடிவாரி கண்ணாடிப் பெட்டிக்குள் மௌனமாக இருக்கிறது. அப்படிச் சில கருவிகள் இருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கிரமோனாவின் அந்த மேல்பூச்சு எப்படி இருந்தது என்று நாம் கண்ணால் பார்த்திருக்கமாட்டோம். ஆன் அந்த வயலினைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி சொல்லவேண்டியதும் உண்மை. ஆனால் ‘கைபடாதது’, ‘கறைபடாதது’ என்று வயலினைப் புகழும்போது சந்தை பயன்படுத்தும் சொற்களை நாம் வேறெங்கோ கேட்டிருக்கிறோம். ஒரு கருவியின் உடல் கன்னிமை காத்ததற்குக் கோடிகள் கிடைக்கின்றன. அந்தக் கன்னிமைக்குப் பின்னால், வாசிக்கத் தெரிந்தும் மேடை இல்லாத ஒரு பெண் இருந்தாள் என்பது விலைப்பட்டியலில் வராது.

நம் வீடுகளிலும் உறைபோட்ட வீணைகள் நிற்கின்றன. கல்யாணத்துக்கு முன்பு பாட்டி வாசித்தது, அம்மா வாசித்தது என்று காட்டுவார்கள். துடைத்துவைத்திருப்பார்கள், தந்தியில் துருவிருக்காது. பார்க்கும்போது இனி ஒன்று கேட்டுவைப்போம். வாசித்தவர் பெயர் என்ன, எந்த ஆண்டோடு நிறுத்தினார், எந்தக் கீர்த்தனையோடு? கேட்டதை ஒரு தாளில் எழுதி அந்த உறைக்குள்ளேயே வைப்போம்.