செப்பேட்டில் மீளும் தொடர்களும் கணிப்பொறியின் வடிவக் கோவையும்

சேது நாட்டின் வரலாற்றுக்கு அடிப்படைச் சான்றுகளாக விளங்குவன சேதுபதி மன்னர்கள் வழங்கிய செப்பேடுகளாகும். இராமேசுவரம் திருக்கோயிலுக்கும் மடங்களுக்கும் சத்திரங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் அளிக்கப்பெற்ற கொடைகளை இவை கூறுகின்றன. ஜேம்ஸ் பர்ஜெஸும் நடேச சாஸ்திரியும் 1886-இல் வெளியிட்ட தொகுதியில் இவற்றுட் சில இடம்பெற்றன. 1992-இல் டாக்டர் எஸ்.எம். கமால் 'சேதுபதி மன்னர் செப்பேடுகள்' என்னும் நூலைத் தந்தார்.

இச்செப்பேடுகளைத் தொடர்ந்து பயில்வோர் முதலில் உணர்வது ஒருமைப்பாடே. சகாப்தம், அறுபதாண்டு வட்டத்தின் ஆண்டுப்பெயர், திங்கள், நாள் ஆகியன முதலில் வரும். தேவை நகராதிபன், தொண்டியந்துறைக் காவலன், இரவிகுல சேகரன் என விருதுகள் அடுக்கி வரும். பின்னர் மன்னர் பெயர், ஊர், நான்கெல்லை ஆகியன அமையும். அறத்தைக் காத்தோர் பெறும் பேறும் அழித்தோர் எய்தும் பாவமும் இறுதியில் உரைக்கப்படும். மீண்டும் மீண்டும் வருவதாலேயே இத்தொடர்கள் பயனற்றவை எனக் கருதுதல் தவறு. ஓர் ஏட்டில் சிதைந்த பகுதியை மற்றோர் ஏட்டின் துணையால் நிரப்புவதும், போலி ஏட்டை ஐயுறுவதும் இவ்வாய்பாட்டை அறிந்தார்க்கே இயலும்.

மாறாதது எது, மாறுவது எது எனப் பகுத்தறியும் இதே நெறியைக் கணிப்பொறியியலார் வேறொரு வழியில் கண்டனர். நரம்பணுக்களின் இயக்கத்தை ஆராய்ந்த ஸ்டீபன் கிளீனி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1951-இல் இதற்கு வித்திட்டார். கென் தாம்சன் 1968-இல் இதனை உரை தேடும் முறையாக்கினார். 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' எனப்படும் இவ்வடிவக் கோவையில் புள்ளி ஏதேனும் ஒரு குறியையும், உடுக்குறி தனக்கு முன்னுள்ளது எத்தனை முறையும் வரலாம் என்பதையும் உணர்த்தும். வினாக்குறி, முன்னுள்ளது வரினும் வராவிடினும் ஏற்கும். 'இ' என்பதன்பின் வினாக்குறியும் அதனையடுத்து 'ரகுநாத' என்பதும் எழுதினால், 'இரகுநாத', 'ரகுநாத' என்னும் இரு வடிவங்களும் ஒருங்கே அகப்படும்.

எனினும் தமிழ்ச் செப்பேட்டில் இக்கருவியைக் கையாளுதல் எளிதன்று. ஏடு எழுதியோர் மெய்க்குப் புள்ளியிடுவதில்லை. எகர ஏகாரங்களை வேறுபடுத்துவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. 'சேது' என்பது 'செது' என்றும் தோன்றும். ஆதலின் இரு வடிவங்களையும் பகர அடைப்பினுள் மாற்றாகக் கொடுத்தல் வேண்டும். 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறையில் 'சேது' என்னும் ஈரெழுத்துச் சொல் சகரம், ஏகாரக் குறி, தகரம், உகரக் குறி என நான்கு குறிகளாகப் பதிவாகும். அங்கே ஒரு புள்ளி முழு எழுத்தையன்றி அதன் பாதியையே பற்றவும் கூடும்.

உடுக்குறியின் பேராசையும் கருதத்தக்கது. 'சகாப்தம்' முதல் 'சேதுபதி' வரை எனத் தேடினால், அது முதற் 'சேதுபதி'யில் நில்லாது இறுதிச் 'சேதுபதி' வரை அனைத்தையும் விழுங்கிவிடும். பல ஏடுகள் ஒரே தொடராக இருப்பின் அவை ஒன்றாய்க் கலந்துவிடும். இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. இரகுநாதன், விஜயரகுநாதன் என்னும் பெயர்கள் இம்மரபில் தலைமுறைதோறும் வந்தவை. கருவி பெயரைப் பற்றுமேயன்றி ஆளை அறியாது.

அங்கே துணைபுரிவது காலக் குறிப்பாகும். சகம் 1600-உடன் 78-ஐக் கூட்டின் கி.பி. 1678, அவ்வாண்டு சித்திரையிற் பிறந்தது காளயுக்தி. சக ஆண்டும் ஆண்டுப்பெயரும் பொருந்தாவிடின் அவ்வேடு மறு ஆய்வுக்குரியது. பொருந்தாதவற்றைக் கருவி விரைந்து பிரித்துத் தரும். அப்பிழை எழுதியவன் கைப்பிழையா, பிற்காலப் புனைவா என்பதை ஆய்வாளரே துணிதல் வேண்டும்.

விருதுகளும் வசவுரையும் எல்லா ஏட்டிற்கும் பொது. ஓர் ஊரின் பெயரும், அதன் எல்லையாகிய கண்மாயும், நிலம் பெற்றோன் பெயரும் அவ்வோர் ஏட்டிற்கே உரியவை. பொதுவானதைச் சலித்து ஒதுக்கித் தருவது வடிவக் கோவையின் பணி. எஞ்சி நிற்கும் அச்சிலவே சேது நாட்டு மக்களின் வரலாறு ஆகும்.