மனு எழுதும் ஆங்கிலம்

எண்ணூரில் ஒரு அனல்மின் நிலையமோ துறைமுக விரிவாக்கமோ வருகிறதென்றால், 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். ஆனால் கூட்டத்துக்கு முன் நம் கைக்குத் தமிழில் கிடைப்பது பெரும்பாலும் சில பக்கச் சுருக்கம்தான். சாம்பல் எங்கே கொட்டப்படும், சுடுநீர் எங்கே விடப்படும் என்ற விவரமெல்லாம் நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில அறிக்கைக்குள் இருக்கும்.

இது இன்று தொடங்கியதல்ல. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலமற்ற வாழ்வைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அன்று எண்ணூரும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1892இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. இரண்டும் ஆங்கிலத்தில். யாருக்காக அந்த ஆணை போடப்பட்டதோ, அவர்களில் மிகப் பெரும்பாலோரால் அதைப் படிக்க முடியவில்லை.

இந்த இடைவெளியை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் மக்களிடம் பேச ‘பறையன்’ இதழைத் தமிழில் தொடங்கினார். அதே ஆண்டு, ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் ஆட்சிப் பதவிகள் சாதி இந்துக்களிடமே குவியும் என்று வாதிட்டு, ஆயிரக்கணக்கானோர் கையொப்பத்துடன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். பின்னர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தார். பள்ளி ஆசிரியராக இருந்த எம்.சி. ராஜா, ‘தி ஒப்ரெஸ்டு ஹிண்டூஸ்’ என்ற நூலை 1925இல் ஆங்கிலத்தில் எழுதினார். பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்ட அம்பேத்கர், 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையை ஆங்கிலத்தில் எழுதிச் சாதியின் வேதங்களையே விசாரணைக்கு இழுத்தார்.

இவர்கள் கற்றது சரளமாகப் பேசுவதற்கான ஆங்கிலம் மட்டுமல்ல. அறிக்கையைப் படித்து, அதன் ஓட்டையைக் கண்டுபிடித்து, மறுப்பு எழுதுகிற ஆங்கிலம்.

இந்த ஆங்கிலத்தை நம் பள்ளிகள் தருகின்றனவா? 1978இல் பிளஸ் டூ வந்ததிலிருந்து ஆங்கிலம் எல்லாப் பிரிவுக்கும் பொதுப் பாடம். அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளும் வந்துவிட்டன. ஆனால் ஆங்கில வழி வேறு, ஆங்கிலத்தை ஆழமாகக் கற்பது வேறு. கைடைப் பார்த்து மனப்பாடம் செய்து தேர்ச்சி பெறுகிற மாணவி, ஒரு அரசாணையின் நிபந்தனையைப் படித்துச் சொல்ல முடியாமல் பள்ளியை விட்டு வெளியேறுகிறாள். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் குறையை வீடே ஈடுகட்டுகிறது. முதல் தலைமுறை மாணவிக்கு வகுப்பறையை விட்டால் வேறு இடமில்லை.

தமிழில் ஆவணம் கேட்பது நம் உரிமை. 2020இல் சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உரிமைக்காகப் போராடுவோம். ஆனால் மொழிபெயர்ப்பு வரும்வரை திட்டங்கள் காத்திருப்பதில்லை.

எனவே தோழர்களே, நம் மாலைநேரப் படிப்பகங்களில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு அரசாணையையும் ஒரு தீர்ப்பையும் ஒரு திட்ட அறிக்கையையும் பாடமாக வையுங்கள். படித்ததைத் தமிழில் ஊருக்கு விளக்கட்டும். ஊர் சொல்வதை ஆங்கிலத்தில் மனுவாக எழுதட்டும். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் செய்த வேலை அதுதான்.

ஜெய் பீம்!