பெல்பாஸ்ட் நகர மையத்தின் வரலாற்று மதுவிடுதிகள்

பெல்பாஸ்ட் நகர மையத்தின் வரலாற்று மதுவிடுதிகள் என்பவை வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாஸ்டில் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் தோன்றி இன்றும் இயங்கிவரும் மதுவிடுதிகள் ஆகும். உள்ளூரில் இவை 'பப்' என அழைக்கப்படுகின்றன. இவற்றுள் முக்கியமானவை ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் அடங்கிவிடுவதால், வழிகாட்டியுடனோ தனியாகவோ நடந்து சென்று பார்க்கும் நடைச்சுற்றுலாக்கள் இங்கு புகழ்பெற்றுள்ளன. நகரின் வணிகம், 1798ஆம் ஆண்டின் புரட்சி, 20ஆம் நூற்றாண்டின் இனமுரண்பாடு ஆகிய மூன்றின் தடயங்களையும் இவ்விடுதிகளில் காணலாம்.

பின்னணி

பெல்பாஸ்ட் என்னும் பெயர் பார்செட் என்ற சிற்றாற்றின் முகத்துவாரத்தைக் குறிக்கும் ஐரியச் சொல்லிலிருந்து வந்தது. இந்த ஆறு இன்று ஹை தெருவின் அடியில் மூடப்பட்ட கால்வாயாக ஓடுகிறது. முற்காலத்தில் பாய்மரக் கப்பல்கள் இத்தெரு வரை வந்து சரக்கு இறக்கின. ஆகவே வணிகர்களும் மாலுமிகளும் கூடும் விடுதிகள் இத்தெருவைச் சுற்றியே பெருகின. தெருவின் இருபுறமும் உள்ள குறுகிய சந்துகளில் விடுதிகளும் அச்சகங்களும் கிடங்குகளும் அமைந்திருந்தன. 1737ஆம் ஆண்டில் பிரான்சிஸ் ஜாய் தொடங்கிய பெல்பாஸ்ட் நியூஸ் லெட்டர் நாளிதழ் இப்பகுதியில் பிறந்ததாகும். ஜாய் சந்து அவரது குடும்பத்தின் பெயரைத் தாங்கியுள்ளது.

19ஆம் நூற்றாண்டில் லினன் துணி ஆலைகளாலும் கப்பல் கட்டும் தொழிலாலும் நகரம் வேகமாக வளர்ந்தது. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் மாநகரத் தகுதி பெற்றது. இக்காலத்தில் கட்டப்பட்ட விடுதிகள் பழைய சந்து விடுதிகளைப் போலன்றி, வண்ண ஓடுகளும் செதுக்கு வேலைப்பாடுகளும் கொண்டு ஆடம்பரமாக விளங்கின.

கிரௌன் லிக்கர் சலூன்

கிரேட் விக்டோரியா தெருவில் உள்ள இவ்விடுதி நடைச்சுற்றுலாக்களில் பெரும்பாலும் முதலில் இடம்பெறுவதாகும். முன்னர் 'ரயில்வே டேவர்ன்' என்ற பெயரில் அறியப்பட்ட விடுதியே பின்னாளில், 1880களில், பேட்ரிக் பிளானகன் என்பவரால் புதுப்பிக்கப்பட்டு இப்பெயரைப் பெற்றது. அக்காலத்தில் அயர்லாந்தில் கத்தோலிக்கத் தேவாலயங்களைக் கட்ட வந்திருந்த இத்தாலியக் கைவினைஞர்கள், வேலை நேரத்துக்குப் பின் இங்கு பணியாற்றி இதன் அலங்காரங்களைச் செய்ததாகக் கூறப்படுகிறது.

விடுதியினுள் 'ஏ' முதல் 'ஜே' வரை எழுத்திடப்பட்ட பத்துச் சிற்றறைகள் உள்ளன. மது அருந்துவதைப் பிறர் காண விரும்பாதோர் கதவைச் சாத்திக்கொண்டு அமர்வதற்காக இவை அமைக்கப்பட்டன. அறையிலுள்ள மணிப் பொத்தானை அழுத்தினால், எந்த அறையிலிருந்து அழைப்பு வந்தது என்பதை வெளியேயுள்ள பலகை பணியாளருக்குக் காட்டும். தீக்குச்சி உரசுவதற்கான உலோகத் தகடுகளும் அறைகளில் பொருத்தப்பட்டுள்ளன. 2007 ஏப்ரல் 30 முதல் வட அயர்லாந்தில் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை விதிக்கப்பட்டதால் இத்தகடுகள் இன்று காட்சிப் பொருட்களாகவே உள்ளன.

வாயிலின் தரையில் பதிக்கப்பட்டுள்ள மணிமுடிச் சித்திரத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. பிளானகனின் மனைவி பிரித்தானிய முடியாட்சிக்கு ஆதரவானவர் என்றும், 'கிரௌன்' (மணிமுடி) என்ற பெயரை அவரே வற்புறுத்தினார் என்றும் கூறுவர். அயர்லாந்துத் தேசியவாதியான பிளானகன் அதற்கு இணங்கினாலும், வருவோர் போவோர் எல்லாம் மிதிக்கும்படி மணிமுடியைத் தரையில் பதித்தாராம். இது செவிவழிக் கதையே ஆயினும் நகரின் இரு சமூகங்களின் உறவைச் சுருக்கமாக விளக்குவதால் வழிகாட்டிகள் இதைத் தவறாது கூறுகின்றனர்.

1947ஆம் ஆண்டில் கரோல் ரீட் இயக்கிய 'ஆட் மேன் அவுட்' திரைப்படத்தில் இவ்விடுதியை ஒத்த அரங்கம் படப்பிடிப்புத் தளத்தில் அமைக்கப்பட்டது.

சந்து விடுதிகள்

கெல்லீஸ் செல்லர்ஸ்: பேங்க் சதுக்கத்தில் உள்ள இவ்விடுதி 1720ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் குறிப்பிடப்படுகிறது. தாழ்ந்த கூரையும் வெள்ளையடித்த சுவர்களும் கொண்டது. புரொட்டஸ்தாந்தரும் கத்தோலிக்கரும் இணைந்து சீர்திருத்தம் கோர வேண்டும் என்ற கொள்கையுடன் 1791 அக்டோபரில் பெல்பாஸ்டில் தொடங்கப்பட்ட ஐக்கிய அயர்லாந்தினர் சங்கத்தார் இங்கு கூடினர் என்பது மரபு. சங்கத்தின் முதற்கூட்டம் ஹை தெருவை ஒட்டிய கிரௌன் சந்தில் நடைபெற்றது. இச்சந்துக்கும் கிரௌன் லிக்கர் சலூனுக்கும் தொடர்பில்லை.

பிரான்சிஸ் ஜாயின் பேரனான ஹென்றி ஜாய் மெக்கிராக்கன் 1798 சூன் 7 அன்று ஆன்ட்ரிம் நகரில் புரட்சிப் படைக்குத் தலைமை தாங்கித் தோல்வியுற்றார். படைவீரர்கள் தேடிவந்தபோது அவர் கெல்லீஸ் செல்லர்சின் மதுமேடைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார் என்பது கதை. பின்னர் பிடிபட்ட அவர் 1798 சூலை 17 அன்று, இவ்விடுதியிலிருந்து சில நிமிட நடைத் தொலைவிலுள்ள கார்ன்மார்க்கெட்டில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய சகோதரி மேரி ஆன் மெக்கிராக்கன் அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடியவர். அவரது சிலை 2024 மார்ச் 8 அன்று நகர மண்டப வளாகத்தில் திறக்கப்பட்டது.

மார்னிங் ஸ்டார்: ஹை தெருவையும் ஆன் தெருவையும் இணைக்கும் பாட்டிஞ்சர் சந்தில் உள்ளது. பெல்பாஸ்ட்–டப்ளின் அஞ்சல் வண்டியின் நிறுத்தமாக இது 1810ஆம் ஆண்டிலேயே நாளிதழில் குறிப்பிடப்பட்டுள்ளது.

பிட்டில்ஸ் பார்: விக்டோரியா சதுக்கத்தை அடுத்துள்ள முக்கோண வடிவச் செங்கல் கட்டடம். அயர்லாந்து எழுத்தாளர்களின் ஓவியங்கள் சுவர்களை அணிசெய்கின்றன.

டியூக் ஆஃப் யார்க்: கமர்சியல் கோர்ட் என்னும் கல் பாவிய சந்தில் உள்ளது. நாளிதழ் அலுவலகங்களுக்கு அருகில் இருந்ததால் செய்தியாளர்கள் கூடும் இடமாக விளங்கியது. பின்னாளில் சின் பெயின் கட்சியின் தலைவரான ஜெரி ஆடம்ஸ் இளமையில் இங்கு பணியாளராக இருந்தார். 1970களின் தொடக்கத்தில் குண்டுவெடிப்பில் அழிந்த இவ்விடுதி பின்னர் மீளக் கட்டப்பட்டது.

மிகப் பழையது எது?

'நகரின் மிகப் பழைய விடுதி' என்ற உரிமையைப் பல விடுதிகள் கோருகின்றன. வைன்செல்லர் சந்தில் உள்ள வைட்ஸ் டேவர்ன் 1630ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கூறுகிறது. ஆனால் அதன் இன்றைய கட்டடம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. குயின்ஸ் சதுக்கத்திலுள்ள மக்ஹியூஸ் விடுதியின் கட்டடம் 1711ஆம் ஆண்டளவில் எழுந்தது. நகரில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டடமாக அது கருதப்படுகிறது. கட்டடத்தின் வயது, மது விற்கும் உரிமத்தின் வயது, இடைவிடாது இயங்கிய காலம் ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவுகோல்கள். எனவே, இக்கோரிக்கைகள் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும் எந்த அளவுகோலில் கூறப்படுகின்றன என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

இனமுரண்பாட்டுக் காலம்

1960களின் இறுதியில் தொடங்கி 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி உடன்படிக்கை வரை நீடித்த வன்முறையின்போது மதுவிடுதிகள் பலமுறை தாக்குதல் இலக்காயின. நகர மையத்துக்குச் சற்று வடக்கே இருந்த மெக்கர்க்ஸ் பாரில் 1971 டிசம்பர் 4 அன்று நிகழ்ந்த குண்டுவெடிப்பில் 15 பேர் கொல்லப்பட்டனர். 1970களில் நகர மையத்தைச் சுற்றி இரும்புக் கதவுகளும் சோதனைச் சாவடிகளும் அமைக்கப்பட்டன. மாலை நேரத்தில் மக்கள் நகர மையத்துக்கு வருவதைத் தவிர்த்தனர். விடுதிகளின் வணிகம் நலிவுற்றது.

கிரௌன் லிக்கர் சலூனுக்கு எதிரில், 1971ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட யூரோப்பா உணவகவிடுதி 30 முறைக்கு மேல் குண்டுவெடிப்புக்கு உள்ளானது. அவ்வெடிப்புகளில் கிரௌன் விடுதியும் பலமுறை சேதமடைந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமன் முதலியோரின் வலியுறுத்தலின் பேரில் தேசிய அறக்கட்டளை 1978ஆம் ஆண்டில் இதனை விலைக்கு வாங்கியது. ஏறத்தாழ 4 இலட்சம் பவுண்டு செலவில் 1981ஆம் ஆண்டில் மீட்டமைப்புப் பணி நிறைவுற்றது. வன்முறை ஓயாத காலத்திலேயே, மீண்டும் உடையக்கூடும் என அறிந்தே, அதன் வண்ணக் கண்ணாடிகள் சீர்செய்யப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

பாதுகாப்பும் சட்டமும்

வட அயர்லாந்தில் புதிய மதுவிடுதி தொடங்க விரும்புவோர், ஏற்கெனவே உள்ள ஓர் உரிமத்தை வாங்கி நீதிமன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும். இம்முறையின் வேர் அயர்லாந்தில் புதிய உரிமங்களை மட்டுப்படுத்திய 1902ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. இதனால் உரிமம் தானே விலைமதிப்புள்ள சொத்தாகிறது. நலிந்த விடுதியின் உரிமத்தைப் பல்பொருள் அங்காடி போன்றவை வாங்கினால் அவ்விடுதி மூடப்படும். வரலாற்றுக் கட்டடப் பட்டியலில் சேர்ப்பதால் கட்டடத்தின் சுவர்களும் அலங்காரங்களும் காக்கப்படுகின்றன. அது விடுதியாகத் தொடர்ந்து இயங்கும் என்பதற்கு அப்பட்டியல் உறுதியளிப்பதில்லை. ஆகவே, நடைச்சுற்றுலாக்கள் கொண்டுவரும் பார்வையாளர்கள் இவ்விடுதிகளின் தொடர்ச்சிக்கு உதவும் காரணிகளுள் ஒன்றாகின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

பெல்பாஸ்ட்
வட அயர்லாந்து
ஐக்கிய அயர்லாந்தினர் சங்கம்
புனித வெள்ளி உடன்படிக்கை